குடிக்காதவனின் சிவந்த முகம்

குடியை விட்ட பிறகுதான் எனக்குக் குடிகாரன் என்ற பெயர் வந்தது. குடித்த காலத்தில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. ராயபுரத்தில் எங்கள் தெருவில் ஹார்பர் வேலை முடிந்து வரும் ஆம்பிளை ஒரு கட்டிங் போடாமல் வீட்டுக்கு வந்தால்தான் அது செய்தி. நான் கிரேன் ஓட்டுகிறவன். நாள் முழுக்க உயரத்தில் ஒரு தகரப் பெட்டிக்குள் ஒண்டியாக உட்கார்ந்து, கீழே நிலக்கரியை அள்ளி அள்ளிப் போட்டுவிட்டு இறங்கினால் தொண்டை வரைக்கும் கரித்தூசு இருக்கும். அதைக் கழுவத்தான் குடிக்கிறோம் என்று எல்லோரும் சொல்லிக்கொள்வோம். நானும் சொன்னேன்.

ஒரு தவக்காலத்தின் கடைசியில் என் மனைவி என்னையும் மகளையும் கோயில் வளாகத்தில் இருக்கும் மாதா சிலை வைத்த கெபிக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள். மெழுகுவர்த்தி ஏற்றினாள். "பாப்பா தலமேல கை வெச்சி சொல்லு, இனிமே தொடமாட்டேன்னு" என்றாள். எங்கள் பக்கத்தில் பிள்ளை தலைமேல் சத்தியம் என்பது விளையாட்டில்லை. மீறினால் மீறினவனுக்கு ஒன்றும் ஆகாது, பிள்ளையின் தலையில்தான் விடியும் என்பார்கள். நான் கை வைத்தேன். "நைனா கைல கிரீஸ் நாறுது" என்று மகள் சிரித்தாள். அப்போது அவள் இரண்டாம் வகுப்பு. அன்றைக்கு விட்டதுதான். அதன் பிறகு ஒரு சொட்டு தொட்டதில்லை. இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்பதற்குக் கணக்கே கிடையாது. நம்பினவர்களைத்தான் விரல் விட்டு எண்ணலாம்.

முதல் தடவை அது வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். பூசை முடிந்து வந்து நெத்திலிக் குழம்பும் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பி, கழுத்து வழியாக ஏறி, முகம் பூராவும் பரவியது. அடுப்பைத் திறந்து முகத்தை உள்ளே நீட்டினமாதிரி இருந்தது. வியர்வை இல்லை. காது மடல்கூட எரிந்தது. என் மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "வாய ஊது" என்றாள். ஊதினேன். மோந்து பார்த்தாள். நெத்திலி வாசனைதான் வந்திருக்கும்.

"வாசன வராத சரக்கா பாத்து அடிச்சிக்கீற."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கோபம் வந்ததும் இறங்கிக்கொண்டிருந்த சிவப்பு மறுபடியும் ஏறியது. இந்த வியாதியின் சூழ்ச்சி இதுதான். காரம் சாப்பிட்டால் சிவக்கும், சூடாக டீ குடித்தால் சிவக்கும், குடித்தாயா என்று யாராவது கேட்டாலும் சிவக்கும். கேள்வி கேட்கிறவனுக்குப் பதிலை என் முகமே எழுதிக் கொடுத்துவிடும். பனைமரத்தடியில் உட்கார்ந்து பாலைக் குடித்தாலும் கள் என்பார்கள். நான் மரத்தை விட்டு எழுந்து வந்த பிறகும் அதையேதான் சொன்னார்கள்.

கூடவே வயிறும் கெட்டது. தண்ணீராகப் போகும். கிரேன் மேலிருந்து அந்த இரும்பு ஏணியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கி ஓடுவதும், முடித்துவிட்டு ஏறுவதும், ஏறி உட்கார்ந்ததுமே மறுபடி இறங்குவதும். கப்பலில் கரி அள்ளக் காத்திருக்கிறவர்கள் கீழே இருந்து கத்துவார்கள். "இன்னா மாமு, நேத்து அடிச்சது இன்னும் எறங்கலியா?" எல்லார் முகமும் கரியில் கறுத்திருக்க, என் முகம் மட்டும் கரிக்கு அடியில் சிவந்திருக்கும். தெருமுனை டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்ததுமே, "எவ்ளோ குடிப்பே?" என்றுதான் ஆரம்பித்தார். விட்டாச்சு சார் என்றேன். சிரித்துவிட்டு வயிற்றுக்கு மாத்திரை கொடுத்தார். அந்தச் சிரிப்பை என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

இப்படியே வருடம் ஓடியது. ஒரு வெயில் காலத்தில் மகளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. எங்கள் தெருக் குழாயில் சாக்கடை கலந்து, அந்த வருடம் வீட்டுக்கு ஒரு பிள்ளை மஞ்சளாகக் கிடந்தது. ஆனால் என் மனைவி தண்ணீரைக் குறை சொல்லவில்லை.

"நீ சத்தியத்த மீறின. அத்து அவ தலைல வந்து உக்காந்துகிச்சி. உன்கூட ஒரே வூட்ல இருந்தா இன்னும் இன்னா இன்னா வருமோ."

காமாலை இறங்கினதும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எண்ணூரில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, இரண்டு நாளுக்குக் குழம்பும் வைத்துவிட்டுப் போனாள். திட்டிவிட்டுப் போயிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை திட்டியாவது ஆறியிருப்பேன். அவள் பயந்துபோய்ப் போனாள். பயப்படுகிறவளிடம் என்ன பேசுவது?

அந்த வீட்டில் நான் தனியாக இருந்த காலத்தைச் சொல்லச் சொன்னால் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வேலை விட்டு வருவேன். ஸ்டவ்வைப் பற்றவைத்துக் கஞ்சி வைப்பேன். காரம் போடாமல் சாப்பிடுவேன். சாயங்காலம் வாசலில் நின்றால், குடிக்கப் போகிறவர்கள் என்னைக் கூப்பிட மாட்டார்கள், விட்டவன் என்று. கோயிலில் செபக்கூட்டம் நடத்துகிறவர்களும் கூப்பிட மாட்டார்கள், குடிக்கிறவன் என்று. இரண்டு பக்கமும் நெருப்புப் பிடித்த குச்சிக்கு நடுவில் மாட்டிக்கொண்ட எறும்புதான் நான். மகளோடு பேச வேண்டுமென்றால் மச்சான் வீட்டுக்குப் பக்கத்துக் கடையின் பிபி நம்பருக்கு ஒரு ரூபாய் போனிலிருந்து அடிப்பேன். கடைக்காரர் போய்க் கூப்பிடுவார். அவள் ஓடிவந்து "நைனா" என்பதற்குள் பாதி நேரம் போயிருக்கும். "சாப்ட்டியா" என்று நானும் "ம்" என்று அவளும் சொல்வதற்குள் மீதி போய்விடும்.

சில நாள் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஊரே சொல்கிறதே, ஒருவேளை எனக்கே தெரியாமல் எங்கேயாவது குடித்துவிட்டு மறந்துவிடுகிறேனா? அலமாரிக்குப் பின்னால், தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் என்று என் வீட்டிலேயே பாட்டிலைத் தேடியிருக்கிறேன். கிடைத்திருந்தால்கூட ஒரு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஒருநாள் ஏணியில் இறங்கும்போது மூச்சு இரைத்து, கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். மேஸ்திரி ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே ஒரு டாக்டரம்மா. அவரும் அதே கேள்வியைத்தான் கேட்டார்.

"குடிப்பீங்களா?"

"இல்ல."

"எப்ப விட்டீங்க?"

சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அவ்வளவுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சிவக்கும்போது வியர்க்கிறதா, எவ்வளவு நேரம் இருக்கிறது, வயிறும் அதே சமயத்தில் போகிறதா, இழுப்பு வருகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. என்னை நம்புகிற ஒரு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் நான் அதைக் கவனிக்கவில்லை.

ஒரு முழு நாளின் சிறுநீரைச் சேர்த்துக் கொண்டுவர வேண்டும் என்றார்கள். அதற்கு முன்னால் மூன்று நாள் வாழைப்பழம், அன்னாசி, தக்காளி, கத்தரிக்காய் எதுவும் கூடாது. ஒரு வெள்ளை கேன் கொடுத்தார்கள். அடியில் கொஞ்சம் ஆசிட் ஊற்றியிருக்கும், மோந்து பார்க்காதே, ஒரு வேளைகூட வெளியே போய்விடக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். வடசென்னையில் வெள்ளை கேன் என்றால் என்னவென்று அந்த லேப்காரருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எங்கள் பக்கம் கள்ளச் சாராயம் அதில்தான் வரும்.

பத்தியம் முடிந்து சேர்க்க வேண்டிய நாள் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது. அன்றைக்குத்தான் எண்ணூர்க் கோயிலில் என் மகளுக்குப் புதுநன்மை, முதல் தடவையாக நற்கருணை வாங்குகிற நாள். காமாலையால் ஒரு வருடம் தள்ளிப்போனது. என்னை யாரும் கூப்பிடவில்லை, போனில் அவளே சொன்னாள். போகாமல் இருக்க முடியுமா? கேனை ஒரு துணிப்பையில் வைத்துக்கொண்டு ராயபுரத்தில் ரயில் ஏறினேன். கூட்டத்தில் யாரும் இடித்துவிடக் கூடாதே என்று எண்ணூர் வரை அதை மடியிலேயே வைத்திருந்தேன்.

கோயிலில் கடைசி வரிசையில் நின்றேன். வெள்ளை கவுன், தலையில் பூ வளையம், கையில் மெழுகுவர்த்தி. வளர்ந்திருந்தாள். நற்கருணை வாங்கிவிட்டுத் திரும்பும்போது என்னைப் பார்த்து, சிரிக்கக் கூடாது என்று சிரிப்பை அடக்கிக்கொண்டாள். பூசை முடிகிற நேரத்தில் எனக்கு அவசரம் வந்துவிட்டது. பையை எடுத்துக்கொண்டு கோயில் பின்சுவர் ஓரமாகப் போனேன். வேலையை முடித்து, கேனை மூடிக்கொண்டிருக்கும்போது தோளில் ஒரு கை விழுந்தது. மச்சான். மனைவியின் அண்ணன், என்னைவிட மூத்தவர், பவர்ஹவுஸில் கான்டிராக்ட் வேலை.

"பொண்ணு புதுநன்ம வாங்குற அன்னிக்குக்கூட கோயிலாண்ட நின்னு ஊத்திக்கிற. நீயெல்லாம் மன்சனா மாப்ள?"

"மச்சான், அத்த தொடாத. ஆசிட் கீது."

"ஆசிட்டா? அத்தத்தான குட்ச்சிக்கினுகீற இத்தினி வருசமா."

பிடுங்கிவிட்டார். மூடியைத் திறந்து, எங்கள் ஆட்கள் சரக்கைச் சோதிக்கிற மாதிரி மூக்குக்கு நேராகத் தூக்கி நன்றாக இழுத்து மோந்தார். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கேன் கைநழுவிக் கவிழ்ந்தது. மண்ணில் நுரைத்துக்கொண்டு ஓடியது என் ஒரு நாள். இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வந்தது கோபம்தான். கோபத்தோடு அதுவும் வந்தது. சத்தம் கேட்டு என் மனைவியும் மகளும் சுவரைச் சுற்றி வந்தபோது அவர்கள் பார்த்தது வெள்ளை கேன், சண்டை, ரத்தமாகச் சிவந்த என் முகம். மனைவி பிள்ளையின் கண்ணைப் பொத்தி இழுத்துக்கொண்டு போனாள்.

"மச்சான், சொல்லு அவகிட்ட. மோந்து பாத்த இல்ல, இன்னான்னு சொல்லு" என்றேன். அவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சொல்லவில்லை. கடைசிவரைக்கும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்? மாப்பிள்ளையின் மூத்திரத்தை மோந்து பார்த்தவன் என்று எண்ணூர் முழுக்கப் பேர் கட்டிவிடுவார்கள். பேரன் காலம் வரைக்கும் அந்தப் பேர் போகாது. உலகத்தில் என் சாட்சி ஒருவர், அவருக்கும் வாயடைத்துப் போயிற்று.

மறுபடி பத்தியம், மறுபடி கேன். இந்தத் தடவை வீட்டை விட்டே நகரவில்லை. பிறகு ஸ்கேன், ஊசி குத்தி எடுத்த சதை என்று ஒவ்வொன்றாக முடிந்து, டாக்டரம்மா என்னை உட்காரவைத்துச் சொன்னார். நியூரோ எண்டோகிரைன் கட்டி என்றார். கார்சினாய்ட் என்று இன்னொரு பேரும் சொன்னார். பாதி நரம்பு குணமும் பாதி சுரப்பி குணமும் உள்ள ஒருவகைச் செல்கள் நம் உடம்பில் அங்கங்கே உட்கார்ந்திருக்கின்றனவாம். அவற்றில் எது எங்கே கெட்டுப்போகிறதோ அந்த இடத்துக்கு ஏற்ற வேலையைக் காட்டுமாம். நுரையீரலில் வந்தால் இருமலும் இழுப்பும், ஆஸ்துமா என்று நினைத்துவிடுவார்கள். குடல்வாலில் வந்தால் பெரும்பாலும் வேறு எதற்காகவோ அதை வெட்டி எடுக்கும்போதுதான் தெரியவரும், அதோடு முடிந்தும்விடும். கணையத்தில் வந்தால் சிலருக்கு இன்சுலினைக் கண்டபடி கொட்டும்.

கணையக்காரர் என் பக்கத்துப் படுக்கையிலேயே இருந்தார். புளியந்தோப்பில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். காலையில் எழுந்திருக்காமல் உளறிக்கொண்டு கிடப்பாராம். பேய் பிடித்திருக்கிறது என்று வேப்பிலை அடித்திருக்கிறார்கள். யாரோ ஒருத்தி அவர் வாயில் சர்க்கரையைப் போட்டதும் எழுந்து உட்கார்ந்துவிட்டாராம். "பேய்க்கு சக்கர புட்ச்சிகீது நைனா" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அவருடையது மொச்சைக்கொட்டை அளவுகூட இல்லை. வெட்டி எடுத்தார்கள், தையல் பிரித்ததும் வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது அவர் பெண்டாட்டி என் தலையணைக்குப் பக்கத்தில் கற்கண்டு வைத்துவிட்டுப் போனாள். ஒரே சாதி வியாதி, அவர் உடம்பில் உட்கார்ந்த இடம் வேறு, என் உடம்பில் வேறு. எனக்கு வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

என்னுடையது சிறுகுடலில் ஆரம்பித்தது. ரொம்ப மெதுவாக வளரும் ரகம். பல வருடம் சத்தமே போடாமல் இருந்திருக்கிறது. "குடல்ல இருக்கிற வரைக்கும் அது சுரக்கிறதெல்லாம் ஈரலுக்குப் போகும், ஈரல் அதை உடைச்சிடும். வெளிய ஒண்ணும் தெரியாது. அது ஈரலுக்கே வந்து உக்காந்துட்டா, சுரக்கிறது நேரா ரத்தத்துல போகும். அப்பதான் முகம் சிவக்கும்" என்றார் டாக்டரம்மா.

அப்படியானால் அந்த நெத்திலிக் குழம்பு ஞாயிற்றுக்கிழமையே அது ஈரலுக்கு வந்துவிட்டிருந்தது. நான் வாயை ஊதிக் காட்டிக்கொண்டிருந்தேன்.

குடலில் அந்தப் பகுதியை வெட்டி எடுக்க வேண்டும், வீட்டிலிருந்து ஆள் வேண்டும் என்றார்கள். பிபி நம்பருக்குப் போன் செய்தேன். மனைவி வந்தாள். டாக்டர் வாயிலிருந்து கேட்டால் நம்புவாள் என்று அந்த ஒரு நம்பிக்கையில் இருந்தேன். டாக்டரம்மா பொறுமையாக எல்லாம் சொன்னார். என் மனைவி காதில் விழுந்தது ஒரே வார்த்தைதான். ஈரல். எங்கள் தெருவில் ஈரல் கெட்டுச் செத்தவர்கள் எல்லோரும் எதனால் செத்தார்கள் என்று குழந்தைக்கும் தெரியும். வெளியே வந்ததும், "ஈரல் எதுனால போவும்னு எனக்குத் தெரியாதா" என்று முணுமுணுத்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கு வெந்நீர் பிடிக்கப் போனாள். சண்டை போடவில்லை. சாகப்போகிறவனோடு என்ன சண்டை என்று விட்டுவிட்டாள். அதைப்போல ஒரு வலி எனக்கு வியாதியில்கூட வரவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தின நாளே என்னோடு வந்து தங்கினாள். ராத்திரியோடு சாப்பாட்டை நிறுத்திவிட்டார்கள். காலையில் தண்ணீர்கூடக் கிடையாது. என்னைவிட்டு அவள் அசையவே இல்லை, செபமாலையை உருட்டிக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் ஏதாவது குடித்துவிடுவேன் என்று காவலும்தான். டாக்டரம்மா வந்து வலது விலாவுக்குக் கீழே கையை வைத்து ஆழமாக அமுக்கிப் பார்த்தார். நெஞ்சிலிருந்து கிளம்பியது. கழுத்து, கன்னம், காது. எனக்குக் கண்ணாடி வேண்டாம், எங்கே வந்திருக்கிறது என்று உள்ளிருந்தே தெரியும்.

என் மனைவி எழுந்து நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். டாக்டரின் கையைப் பார்த்தாள். அது அடங்குகிறவரைக்கும் காத்திருந்தாள்.

"டாக்டரம்மா, இன்னொரு வாட்டி அமுத்துங்க."

டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. வலிக்கப் போகிறது என்று என்னைப் பார்த்தார். அமுக்குங்கள் என்றேன். அமுக்கினார். மறுபடியும் வந்தது.

"கை பட்டதுக்கா?"

"ஆமாம்மா. அமுக்கினா அது சுரக்கும், முகம் சிவக்கும்."

"குட்ச்சதால வந்ததா?"

"இல்லம்மா. குடிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. யாருக்கு வேணா வரும்."

"ஈரல்ல இருக்கிறத எடுத்துருவீங்களா?"

அது பல இடத்தில் சிதறிக் கிடக்கிறது, எல்லாவற்றையும் எடுக்க முடியாது, மாதா மாதம் ஊசி போட்டு அடக்கி வைக்கலாம், வருடக்கணக்கில்கூட அடங்கிக் கிடக்கும் என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா அடுத்த படுக்கைக்குப் போனார்.

அந்த நிமிடத்துக்காக நான் எத்தனையோ வசனம் தயார் செய்து வைத்திருந்தேன். கிரேன் பெட்டிக்குள் தனியாக உட்கார்ந்து உரக்கச் சொல்லியே பார்த்திருக்கிறேன். இப்பவாவது நம்புறியாடி என்று தொடங்கும். வாயைத் திறப்பதற்குள் அவள் என் காலைக் கட்டிக்கொண்டாள்.

"நீ குட்ச்சிக்கினே இருந்துருக்கலாம்யா" என்றாள். "குடின்னா நான் திட்டிக்கினே இருந்துருப்பேன். ஒருநாள் இல்லாங்காட்டி ஒருநாள் நிறுத்தியிருப்ப. இத்த நான் யார் தலமேல கை வெச்சி நிறுத்துவேன்?"

ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது.

குடலில் கெட்ட பகுதியை வெட்டி எடுத்துவிட்டார்கள். ஈரலில் இருப்பது இருக்கிறது. ஊசி போட்டுக்கொள்கிறேன். கிரேனிலிருந்து இறக்கிவிட்டார்கள், கீழே உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள். மனைவியும் மகளும் ராயபுரம் வீட்டுக்கே வந்து சில வருடம் ஆகிறது. மச்சான் வரும்போதெல்லாம் ஹார்லிக்ஸ் வாங்கிவருவார், என் முகத்தைப் பார்க்காமலே கொடுப்பார். தெருவில் யாரும் என்னைக் குடிகாரன் என்பதில்லை, அவள் சொல்ல விடமாட்டாள்.

ஊசியின் வேகம் குறையும் மாதக் கடைசியில் மட்டும் அது இன்னும் வரும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நெஞ்சில் சூடு கிளம்பும். முன்பானால் வாய ஊது என்று கிட்டே வந்து, கன்னத்தைப் பிடித்துத் திருப்பி, மூக்கை வைத்துப் பார்ப்பாள். இப்போது என் முகம் சிவக்க ஆரம்பித்ததுமே கரண்டியை வைத்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறாள். அவளால் பார்க்க முடியவில்லை. அது அடங்கும்வரை நான் சோற்றில் கையை வைத்தபடி தனியாக உட்கார்ந்திருக்கிறேன்.